கீழ்த்திசை மொழிக் கல்வி – 5
இறுதியாண்டிலிருந்து தொடங்குதல்

சீன மொழியையோ ஜப்பானிய மொழியையோ சர்வகலாசாலையில் முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெறுவதென்று சங்கற்பம் செய்துகொண்ட மாணாக்கர் ஒருவர், எங்கே சேரலாம், என்ன செலவாகும், படித்து முடித்தால் எத்தகைய உத்தியோகம் கிடைக்கும் என்று முதலில் விசாரிப்பது இயல்பே. அவை விசாரிக்கத் தக்க விஷயங்கள்தாம். ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படிப்பின் கடைசி ஆண்டில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது, எந்த நூலை மூலத்திலேயே வாசிக்க நான் ஆசைப்படுகிறேன்? இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்துவிட்டால், இரு மொழிகளில் எதைத் தேர்வது, எந்த ஆண்டில் எதைப் பயில்வது, எப்போது கடல் கடந்து செல்வது என்பவற்றை முடிவிலிருந்து முதலை நோக்கி ஒவ்வொன்றாகத் தீர்மானித்துவிடலாம்.

இவ்வாறு பின்னிருந்து எண்ணுவதற்குக் காரணம் காலத்தின் கணக்கே. அமெரிக்க அரசு தன் ராஜதந்திரிகளுக்கு அயல்மொழிகளைக் கற்பிக்கும் நிலையம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சீனமும் ஜப்பானியமும் தொழிலுக்குப் போதிய அளவில் கைவர 88 வாரங்கள், அதாவது 2,200 வகுப்பு மணிகள், வேண்டும் என்று நெடுநாள் அனுபவத்தால் கண்டிருக்கிறது. பிரெஞ்சுக்கோ ஸ்பானிய மொழிக்கோ இதில் மூன்றில் ஒரு பங்கே போதும். நம் நாட்டுக் கல்லூரியொன்றில் வாரத்துக்குப் பத்து மணி வீதம் ஆண்டில் முப்பது வாரம் மொழிப் பாடம் நடக்கிறதென்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டுகளில் சேர்வது 900 மணிதான். தமிழ் மாணவருக்குச் சில இடங்களில் பாதை சுருங்கும், சில இடங்களில் நீளும். எவ்வாறாயினும் பட்டம் கையில் வரும் நாளில் அவர் பாதி வழியைத் தாண்டியிருக்க மாட்டார். இதைச் சொல்வது ஒருவரையும் அதைரியப்படுத்துவதற்காக அன்று. வகுப்பறை கொடுக்காத மணிகளை வீட்டு அப்பியாசமும் கோடை விடுமுறையும் அயல்நாட்டு வாசமும்தான் ஈடுசெய்ய வேண்டும் என்பதை முதல் நாளே அறிந்தவர், மூன்றாம் ஆண்டின் இறுதியில் மனம் கலங்காமல் இருப்பார் என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி, இரண்டில் எது? தமிழ் அறிந்தவருக்கு ஜப்பானிய வாக்கியத்தின் அமைப்பு வியக்கத் தக்க அளவுக்குப் பழக்கமானதாகத் தோன்றும். வினை கடைசியில் நிற்கிறது. நம் வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னே வருகின்றன. பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னே அமர்கிறது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது நாம் ‘என்று’ வைக்கும் இடத்திலேயே அவர்களும் ஒரு சொல்லை வைக்கிறார்கள். ஓனோ சுசுமு என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இந்த ஒற்றுமைகளைக் கண்டு இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்றே பல்லாண்டுகள் வாதாடினார். மொழியியலாரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறும் வாக்கிய ஒழுங்கு நமக்குச் சில வாரங்களில் கைகூடுகிறது என்பதே மாணவருக்கு வேண்டிய செய்தி. ஆனால் லிபி அந்தச் சலுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஹிரகானா, கதகானா என்னும் இரு அசை எழுத்து வரிசைகளோடு, பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010-இல் வகுத்த பட்டியலில் மட்டும் கான்ஜி எனப்படும் சீன எழுத்துகள் 2,136 உள்ளன. அவற்றிற் பலவற்றுக்கு, சீனத்திலிருந்து வந்த ஒலி ஒன்றும் நாட்டு ஒலி ஒன்றுமாக, இரண்டு முதல் பல வாசிப்புகள் இருக்கின்றன.

சீனத்தில் நிலைமை வேறு. ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே உச்சாரணம்; வினைச்சொற்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப உருமாறுவதில்லை. ஆனால் 2013-இல் சீன அரசு வெளியிட்ட அட்டவணையில் முதல் நிலை எழுத்துகளே 3,500. அதற்கும் மேலாக நான்கு தொனிகள் இருக்கின்றன. தொனியால் பொருள் மாறும் வழக்கம் தமிழ்ச் செவிக்கு முற்றிலும் புதிது. முதல் ஆறு மாதத்தில் படிந்த பிழையான தொனியை மூன்றாம் ஆண்டில் திருத்துவது பெரும் பிரயாசை. ஆகையால் சீனம் தேர்பவர், எழுத்துகளை எண்ணிச் சேர்க்கும் உற்சாகத்தைச் சற்று அடக்கிக்கொண்டு, முதற்பருவம் முழுவதையும் நல்ல உபாத்தியாயர் ஒருவரின் முன்னிலையில் செவிக்கும் நாவுக்கும் ஒப்புவித்துவிட வேண்டும். இரு மொழிகளையும் ஒருங்கே தொடங்கலாமா என்றால், கூடாது என்பதே என் அபிப்பிராயம். ஒன்றில் இரண்டாண்டேனும் ஊன்றிய பிறகு மற்றதைத் தொட்டால், தெரிந்த எழுத்துகள் துணைக்கு வரும்.

நூல் ஒன்று ஒரு வாழ்க்கையின் திசையையே தீர்மானித்ததற்கு டொனால்ட் கீன் அவர்களின் சரித்திரத்தைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கொலம்பியா சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த அவருக்கு முதலில் அறிமுகமானவை சீன எழுத்துகள். சீன மாணவ நண்பர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். 1940-இல் நியூயார்க் நகரத்து டைம்ஸ் சதுக்கத்துக் கடையொன்றில், முரசாகி ஷிகிபு என்னும் அரசவைப் பெண்மணி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘கெஞ்ஜியின் கதை’யின் மொழிபெயர்ப்பை 49 சென்ட் விலைக்கு அவர் வாங்கினார். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு மனம் நொந்திருந்த அந்த இளைஞர், அந்நூலின் உலகத்தில் அடைக்கலம் புகுந்தார். பின்னர் அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் பயின்று, போர் முடிந்ததும் அம்மொழியின் இலக்கியத்தையே தம் ஆயுட்காலத் தொண்டாக ஏற்று, கொலம்பியாவிலேயே பல்லாண்டுகள் கற்பித்து, 2012-இல் தமது 89-ஆம் வயதில் ஜப்பானியக் குடிமகனும் ஆனார். அந்த மொழிபெயர்ப்பைச் செய்த ஆர்தர் வேலியோ, சீனத்துக்கும் ஜப்பானுக்கும் ஒருநாளும் போகாமல், பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய காலத்தில் இரு மொழிகளையும் தாமே கற்றவர்.

கெஞ்ஜியின் பெயரை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய ஜப்பானியத்தை எவ்வளவு திறம்படக் கற்றாலும் அந்நூலை மூலத்தில் வாசிக்க இயலாது. அதற்குப் பழைய இலக்கணம் தனியே வேண்டும். சீனத்திலும் அப்படியே. 1918-இல் எழுத்தாளர் லூ ஷுன் பேச்சு மொழியில் எழுதிய கதைகளில் முதலாவதை வெளியிட்ட காலம் வரையில், கற்றோர் எழுத்தில் ஆட்சி செலுத்தியது செவ்வியல் சீனமே. து ஃபூவின் கவிதையும், பௌத்த கிரந்தங்களின் மொழிபெயர்ப்பும், அரச வம்சங்களின் வரலாறுகளும் அதில்தான் இருக்கின்றன. எனவே ஒரு சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தவுடன், செவ்வியல் மொழிக்கு அதில் இடம் உண்டா, எத்தனை பருவங்கள் என்று பாருங்கள். வர்த்தகக் கடிதம் எழுதக் கற்பிப்பதோடு நிற்கும் படிப்பு பிரயோஜனமுள்ளதே. ஆனால் அதைப் பட்டப்படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பரீட்சைகளைப் பற்றிச் சில சொற்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஐந்து நிலைகளில் நடக்கிறது. முதல் நிலையே உச்சம். நிறுவனங்கள் அதன் சான்றிதழை மதிக்கின்றன. ஆகவே எழுதத்தான் வேண்டும். ஆனால் அதில் பேச்சும் இல்லை, சொந்தமாக ஒரு பத்தி எழுதிக்காட்டும் வினாவும் இல்லை. விடையைத் தேர்ந்து குறிப்பதே முழுவதும். சான்றிதழை நோக்கியே படித்தவர் டோக்கியோவில் தபால் நிலையத்துப் பெண்மணியிடம் பேச வாயெழாமல் நிற்க நேரிடலாம்.

ஆகையால் அயல்நாட்டு வாசத்தை ஓர் ஆடம்பரமாக எண்ணாமல் திட்டத்தின் நடுத்தூணாகவே வைக்க வேண்டும். ஜப்பானியக் கல்வி அமைச்சகம், வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில் ஜப்பானிய மொழியையும் கலாசாரத்தையும் முதன்மைப் பாடமாகப் பயிலும் இளங்கலை மாணவர்களுக்கென்றே, சுமார் ஓராண்டு அங்கே தங்கிப் படிக்க உபகாரச் சம்பளம் அளிக்கிறது. பட்டம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். எனவே இரண்டாம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே விண்ணப்பத்துக்கு ஆயத்தமாக வேண்டும். சீனம் பயில்வோருக்குப் பீஜிங், தைப்பே என இரு வழிகள் உள்ளன. பெருநிலச் சீனத்தில் 1956 முதல் சுருக்கிய எழுத்துகளும், தைவானில் பழைய எழுத்துகளும் வழங்குவதால், பழைய இலக்கியத்தில் நாட்டமுள்ளவருக்குத் தைப்பே கூடுதல் நன்மை செய்யும்.

நம் நாட்டில் டில்லியின் ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையில் இரு மொழிகளுக்கும் பட்டப்படிப்பு உண்டு. சாந்திநிகேதனத்தில், தாகூரின் விருப்பத்தால் டான் யுன்-ஷான் என்னும் சீன அறிஞர் தலைமை ஏற்க 1937-இல் திறக்கப்பட்ட சீன பவனத்தின் நூலகம் ஒன்றுக்காகவே அங்கே போகலாம்.

தமிழ் மாணவருக்கென்று காத்திருக்கும் வேலை ஒன்றையும் கூறாமல் இருக்க முடியவில்லை. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதுக்குழுக்கள் சீனத்தின் சோங் அரசவைக்குச் சென்றதை அந்நாட்டு வரலாற்று நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. தென்னிந்தியாவைப் பற்றிய அயலார் குறிப்புகளை 1939-இல் நூலாகத் தொகுத்த நீலகண்ட சாஸ்திரியார், சீனப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் பிறர் மொழிபெயர்ப்புகளையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. 1911-இல் காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409-ஆம் ஆண்டுக் கல், சீனத்தில் புத்தரையும், தமிழில் தேனவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றுகிறது. சீனத் துறைமுகமாகிய சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று கிடைத்திருக்கிறது. இந்தக் கற்களையும் ஏடுகளையும் இரு பக்கத்து மூலங்களிலும் நேரே வாசிக்க வல்லவர் நம்மிடையே எத்தனை பேர்? செவ்வியல் சீனத்தோடு கல்வெட்டுத் தமிழையும் துணைப்பாடமாகக் கொள்ளும் ஒரு மாணவர், முதுகலைக்கு வரும்போது ஆராய்ச்சிப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உபகாரச் சம்பள விண்ணப்பத்தில் படிப்பின் நோக்கத்தை எவ்வாறு எழுதுவது என்பதை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் வாசக மாணவர்கள் தாங்கள் வாசிக்க விரும்பும் அந்த ஒரு நூலின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும், ஏனெனில் விண்ணப்பத்தின் முதற்பத்தியை அதைக் கொண்டுதான் எழுதப் போகிறோம்.

(தொடரும்)