தொண்ணூறு நாட்களின் கணக்கு

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவன், சிங்கப்பெருமாள் கோவில்)

ஆறு என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் திங்கள் என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் சேர்ந்து பிறந்ததே 'செமஸ்டர்'. செருமானியப் பல்கலைக்கழகங்கள் ஆண்டைக் குளிர்காலம், கோடைகாலம் என இரண்டாகப் பகுத்துப் பாடம் நடத்தின. அமெரிக்கா அதனை ஏற்றுக் கொண்டது. நாம் அதற்குப் 'பருவமுறை' என்று பெயரிட்டோம். பருவம் என்றதும் உழவனின் நினைவு வருகிறதல்லவா? நாற்று விட வேண்டிய நாளைத் தவற விட்டவன் களத்து மேட்டில் நிற்க முடியாது. முதலாண்டின் இரு பருவங்களை முடித்து மூன்றாம் பருவத்திற்குள் நுழையும் எனக்கு, மூலத்தை விடத் தமிழ்ப் பெயரே பொருத்தமாகப் படுகிறது.

பழைய முறை எப்படி இருந்தது? சென்னைப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தோன்றியபோது அதற்கென வகுப்பறைகள் இருக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. ஓராண்டு உழைப்பை ஒரு சில நாட்களில் தாளில் கொட்டிக் காட்டியவன் தேறினான். அந்த நாட்களில் காய்ச்சல் கண்டவன் இன்னோர் ஆண்டு காத்திருந்தான். 1948-49 இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் தேர்வு முறையைத்தான் சொல்வோம் என்று கருதியதில் வியப்பில்லை. ஆனாலும் மாற்றம் மெல்லத்தான் வந்தது. 2011 இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் இளங்கலைப் படிப்புகள் அனைத்தையும் பருவமுறைக்கு மாற்றியபோது ஆசிரியர்களிடமிருந்தே பலத்த எதிர்ப்பு எழுந்தது.

முறையின் நோக்கம் நல்லது. ஒரே தேர்வில் தலைவிதி எழுதப்படாமல், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக அளக்கப்படுவோம். 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. அந்த 25 என்பது தேர்வு, அசைன்மெண்ட், செமினார், வருகை ஆகியவற்றால் ஆனது. எழுத்துத் தேர்வில் 75க்கு 30 பெற வேண்டும். மொத்தத்தில் 40 வர வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அகமதிப்பீட்டில் முழுதாக 25ம் எழுத்தில் 29ம் பெற்றவனுக்கு மொத்தம் 54; ஆனால் அவன் தோல்வி. எழுத்தில் 30ம் அகமதிப்பீட்டில் 10ம் பெற்றவனுக்கு மொத்தம் 40, அவன் வெற்றி. முதற்பருவத்தில் இதை விடுதி நண்பர்களுக்கு விளக்குவதற்குள் எனக்கு ஒரு தேநீர்ச் செலவாகி விட்டது.

நான் சொல்ல வந்தது மதிப்பெண்ணைப் பற்றியதன்று, நாட்களைப் பற்றியது.

காலையில் எங்கள் ஊர் இரயில் நிலையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடலாத்ரி நரசிம்மர் குடி கொண்ட குன்றின் அடிவாரத்து ஊரிலிருந்து இரண்டு கூட்டங்கள் இரண்டு திசைகளில் பிரியும். ஒன்று செங்கற்பட்டு வண்டியைப் பிடிக்கும். பரனூரைத் தாண்டி, கொளவாய் ஏரியைப் பார்த்துக் கொண்டே போனால் நம் கல்லூரி இருக்கும் ஊர் வந்து விடும், இரண்டே நிறுத்தங்கள். மற்றக் கூட்டம் திருப்பெரும்புதூர்ச் சாலையில் கம்பெனிப் பேருந்துக்காக நிற்கும். ஒரகடம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. இரு கூட்டங்களிலும் ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகள். சென்ற ஆண்டு நான் கண்ட பெரிய மாற்றம், முதற்கூட்டத்திலிருந்து சிலர் இரண்டாம் கூட்டத்திற்கு இடம் மாறியதுதான்.

என் வகுப்புத் தோழன் ஒருவன், ஆப்பூர்ப் பக்கத்தவன், தந்தையின் உடல்நிலை காரணமாக இரண்டாம் பருவத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். படிப்பை விடவில்லை, இரண்டையும் சேர்த்தே இழுப்பேன் என்றான். அவனால் முடியுமா என்று இருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

பருவத்திற்குக் கற்பிக்கும் நாட்கள் 90. வாரம் ஐந்து நாள் என்றால் 18 வாரம். வருகை 75 விழுக்காடு வேண்டுமென்றால் 68 நாள் வர வேண்டும். 22 நாள் வராதிருக்கலாம். அவனுக்கு வாரம் ஒரு ஷிப்ட் சுழல்கிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்ட் வாரத்தில் கல்லூரிக்கு வர வழியே இல்லை. மூன்றில் ஒரு பங்கு அந்த ஷிப்ட் என்றால் 6 வாரம், அதாவது 30 நாள் போயிற்று. எஞ்சுவது 60 நாள். விழுக்காட்டில் 66க்குச் சற்று மேல். 65க்கு மேலிருந்தால் கண்டோனேஷன் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். 90இல் 65 விழுக்காடு என்பது 59 நாள். ஆக, அவன் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள்.

பிற்பகல் ஷிப்ட் வாரங்களில் கல்லூரி முடியுமுன் ஓட வேண்டிய அரை நாட்களை இதில் சேர்க்கவில்லை. இரவு ஷிப்ட் முடித்து நேரே வண்டியேறி வந்து முதல் மணி வகுப்பில் கண் சொருகுவதையும் சேர்க்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் அன்று இருந்தான் என்பது உண்மை.

இதனால்தான் சொல்கிறேன்: பழைய முறை நினைவாற்றல் இல்லாதவனைத் தண்டித்தது, புதிய முறை நேரம் இல்லாதவனைத் தண்டிக்கிறது. நம் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இரண்டாம் வகையினரே மிகுதி என்பது என் எண்ணம். சேர்க்கைச் சுற்றுகள் நீண்டு, தாமதமாக வந்து சேர்கிற முதலாண்டு மாணவர்களுக்கு அந்த 90 நாளும் முழுதாகக் கிடைப்பதில்லை. முதல் அகத்தேர்வு வரும்போது அவர்களுக்கு வகுப்பறை எண் கூட மனப்பாடம் ஆகியிருக்காது.

அதற்காகப் பழையபடி ஆண்டுத் தேர்வுக்குப் போவோம் என்பேனா? மாட்டேன். ஒரு தாளில் அரியர் விழுந்தால் அடுத்த ஆறு மாதத்தில் எழுதி விடலாம். தோல்வி சிறு துண்டுகளாக வருவது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்லது. ஓராண்டு வீணாயிற்று என்று வீட்டில் சொன்னால் மறுநாளே கம்பெனிப் பேருந்தில் ஏற்றி விடுவார்கள். ஒரு தாள் நின்று விட்டது என்றால் திட்டி விட்டு இரயில் சீசனுக்குப் பணம் தருவார்கள்.

அரசின் மாதம் 1000 ரூபாய் உதவியும் பெரிய ஊன்றுகோல். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. சென்ற ஆண்டு என் சீசன் சீட்டும் நோட்டுப் புத்தகங்களும் அதில் அடங்கின. ஆனால் ஒரு வீட்டின் அடுப்பு அதில் எரியாது. தொழிற்சாலைச் சம்பளம் அதைப் போல் பல மடங்கு. அந்தச் சம்பளம் எத்தனை நாள் நிலைக்கும் என்ற கேள்வியும் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. பக்கத்து மறைமலை நகரில் போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022இல் கடைசிக் கார் வெளிவந்தது. அதன்பின் எங்கள் தெருவில் பெரியவர்கள் பட்டத்தைப் பற்றிப் பேசும் தொனியே மாறி விட்டது.

தோழன் இரண்டாம் பருவத்தில் 59 நாட்களைத் தொட்டான். கட்டணம் செலுத்தி எல்லாத் தாள்களும் எழுதினான், இரண்டு நின்றன. ஒரு அகத்தேர்வு முதல் ஷிப்ட் வாரத்தில் விழுந்ததால் அதன் மதிப்பெண்ணும் போயிற்று. தேதி முன்பே தெரிந்திருந்தால் வேறொருவரோடு ஷிப்டை மாற்றிக் கொண்டிருப்பான்.

பேராசிரியப் பெருமக்களிடம் இதற்காகவே ஒரு விண்ணப்பம். அகத்தேர்வுத் தேதிகளையும் செமினார் தேதிகளையும் பருவத்தின் முதல் வாரத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், மதிப்பெண் விதிகளில் ஓர் எழுத்தும் மாறாமலே சிலர் தப்பிப்பார்கள். எங்கள் பங்குக்கு வகுப்பில் ஐந்து பேர் முறை வைத்து, வராதவர்களுக்காகக் குறிப்பெடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். திங்கள், செவ்வாய் என் முறை. என் கையெழுத்து புரியவில்லை என்று இப்போதே புகார் வந்து விட்டது.

மூன்றாம் பருவ அட்டவணை வந்ததும் அதன் படி ஒன்று ஆப்பூருக்குப் போகும். ஷிப்ட் மாற்றம் கேட்கப் பத்து நாள் முன்பாவது தெரிய வேண்டுமாம்.