பேரனின் இதயத்துக்காக மருமகளுக்குச் சோறு போடுங்கள்!

ஓர் அம்மாள் தன் மருமகளை அழைத்து வந்திருந்தார். ஏழாம் மாதம். பார்த்தால் தெரியவில்லை, அவ்வளவு ஒல்லி. நாடி பார்த்தேன், கண் இமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

“என்னம்மா சாப்பிடறே?” என்றேன்.

மருமகள் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “ராத்திரிக்கு அரை வயிறு போதும்னு நான்தான் சொல்லியிருக்கேன், டாக்டர். பிள்ளை பெருத்துட்டா ஆபரேஷன்னுடுவாங்களே!”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருடைய கணவர் 48 வயதில் மாரடைப்பில் போய்விட்டாராம். “பிறந்தப்போ உள்ளங்கை அளவுதான் இருந்தாராம்.”

ஒரு மனிதரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்த அம்மாள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் 1989-லேயே எழுதிவிட்டார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டு நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்க்கர் தேடிப் போனார். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்கள்தான் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

“அது வெள்ளைக்காரன் கதை” என்பீர்கள். சரி, பக்கத்தில் இருக்கிற மைசூருக்கு வாருங்கள். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களின் எடையும் நீளமும் பதிவேட்டில் இருந்தன. அவர்களில் 517 பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது 2.5 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 பேருக்குத்தான்! தாயும் எடை குறைந்தவளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஏன் இப்படி? வரும் உணவு போதாதபோது கரு முதலில் மூளையைக் காப்பாற்றிக்கொள்கிறது. மற்ற உறுப்புகளுக்கு மிச்சம்தான். சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள நுண்ணிய வடிகட்டிகள் கர்ப்பத்தின் 36-வது வாரம் வாக்கில் உருவாகி முடிந்துவிடும். பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. குறைவாக வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. கணையமும் இதே மாதிரிதான். அது சர்க்கரையில் கொண்டுபோய் விடும்.

சுகப்பிரசவத்துக்கு இடுப்பெலும்பின் அமைப்பு, குழந்தையின் தலை திரும்பியிருக்கும் விதம் என்று பல காரணங்கள் உண்டு. பட்டினி அதில் சேராது.

அதற்காக “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று ஸ்வீட்டாகத் திணிக்கவும் வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரையும் பிள்ளைக்குக் கெடுதல்தான். கூடுதலாக வேண்டியது நாளுக்குச் சுமார் 350 கலோரி. அதாவது இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவே! கூடவே தினம் ஒரு கீரை. புனே பக்கத்துக் கிராமங்களில் செய்த ஆய்வில், கீரையும் பழமும் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களுக்கு நல்ல வளர்ச்சியோடு பிள்ளை பிறந்தது. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கேழ்வரகு எல்லாம் நம் கைக்கெட்டிய சாமான்கள்தானே? சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி12 வைட்டமின் கீரையில் கிடைக்காது. பால், தயிர், மோரை விடாதீர்கள். அதுவும் போதாமல் போவதுண்டு, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: கர்ப்பிணிகள் பற்பம், செந்தூரம் எதையும் தாங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடவே கூடாது.

அந்த மாமியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மருமகளைப் பார்த்து, “ராத்திரிக்கு என்னடி வேணும்?” என்றார்.

பிள்ளை சிறிதாகவே பிறந்துவிட்டால்? பயப்பட வேண்டாம். தாய்ப்பால் கொடுங்கள். “தேறணும்” என்று பிஸ்கட்டும் சர்க்கரையுமாகக் கொடுத்து அவசரமாகக் கொழுக்க வைக்காதீர்கள். சிறிதாகப் பிறந்து சிறுவயதில் வேகமாகக் குண்டாகும் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். பிறந்த எடை எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அவன் வளர்ந்து ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது அதையும் டாக்டரிடம் காட்டட்டும்.