மீன் ஏன் ‘மூன்’ ஆகவில்லை?

வட சென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு ‘வூடு’, விடு ‘வுடு’, வேணும் ‘வோணும்’. வாய்க்கு வந்தபடி தமிழைத் திரிக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். அப்படியானால் அதே காசிமேட்டில் மீன் ஏன் ‘மூன்’ ஆகவில்லை? மீசை ஏன் ‘மூசை’ ஆகவில்லை?

விடை வாய்க்குள் இருக்கிறது. ப, ம, வ மூன்றும் உதட்டில் பிறக்கும் ஒலிகள். ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு நாக்கு நுனி மேலே வளைய வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இகரமோ எகரமோ வந்தால், உதடு குவிந்து அதை உகரமாகவோ ஒகரமாகவோ மாற்றிவிடும். பெண்ணைப் ‘பொண்ணு’ என்றும் பிடியைப் ‘புடி’ என்றும் தமிழ்நாடு முழுக்கச் சொல்ல வைப்பது இதுதான். மீனில் மகரத்தை அடுத்து வரும் னகரத்துக்கு நாக்கு அப்படி வளைவதில்லை. அதனால் மீன் தப்பித்தது. வட சென்னை இந்த மாற்றத்தை நெடில் சொற்கள் சிலவற்றுக்கும் கொண்டுபோயிருக்கிறது. எல்லா நெடிலும் இணங்கவில்லை. தண்டையார்பேட்டையின் பேட்டை இன்னும் பேட்டைதான். ஒலி மாற்றம் இப்படிச் சொல் சொல்லாகப் பரவுவது உலக மொழிகளில் சாதாரணம்.

அடுத்தது ழகரம். மழை ‘மய’, கோழி ‘கோயி’, வாழைப்பழம் ‘வாயப்பயம்’. ஊர் சிரிக்கும் இந்த யகரத்தில் ஒரு லாபம் உண்டு. தெற்கே ழகரம் பல வாய்களில் ளகரமாகிவிடுவதால் வாழையும் வாளை மீனும் ஒன்றுபோலக் கேட்கும். காசிமேட்டிலோ முன்னது ‘வாய’, பின்னது ‘வாள’. ழகரம் போனாலும் வேறுபாடு போகவில்லை.

வினைச்சொல்லிலும் ஒழுங்கு உண்டு. ‘இருக்கிறது’ என்பதன் முதற்பகுதி தேய்ந்து ‘கீது’ ஆனது. அதோடு நிற்காமல் கீறேன், கீறே, கீறான், கீறாங்க என்று வரிசை முழுக்க அதே அச்சில் வருகிறது. ‘வந்துகொண்டு’ என்பதற்கு மற்ற ஊர்களில் ‘வந்துக்கிட்டு’, இங்கே ‘வந்துகினு’.

சொற்களைத் துறைமுகமும் ஆட்சிகளும் தந்தன. வடக்கே பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்களின் செப்புக்காசிலிருந்து வந்தது துட்டு. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றபோது இந்தக் கரை தெலுங்கு நாயக்கர் ஆட்சியில் இருந்தது. 1953 வரை ஆந்திரப் பகுதிக்கும் சென்னைதான் தலைநகர். நைனாவும் டப்பும் தெலுங்கு. ஆற்காடு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறினார். நாஷ்டா, பேஜார், கலீஜ், உஷார் எல்லாம் உருது வழி வந்தவை. 1856இல் ராயபுரம் ரயில் நிலையமும், 1875இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானமும், பின்னர் ஆலைகளும் பல மொழி பேசிய உழைப்பாளிகளை ஒரே தெருவில் சேர்த்தன. கடன் வாங்கிய சொல்லும் தமிழ் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது: ‘ஒரே பேஜாரா கீது.’ கூடவே குந்து, அப்பால என்று பழந்தமிழும் புழக்கத்தில் நிலைத்தது.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்தார். பிழை என்று பள்ளிகள் ஒதுக்கிய அந்தப் பேச்சுக்கும் பிசகாத விதிகள் இருப்பதை நிறுவினார். நம் சினிமா வேறு வழியில் போனது. ‘சபாஷ் மீனா’வில் (1958) நகைச்சுவை நடிகர் சந்திரபாபு பேசிய காலம் தொட்டு ‘மெட்ராஸ் பாஷை’ எனப்படும் இந்தப் பேச்சு பெரும்பாலும் சிரிப்புக்கோ ரவுடிக்கோதான் ஒதுக்கப்பட்டது. அந்தச் சிரிப்பு வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டதுதான் கவலை.

எழுத்துத் தமிழை எல்லாப் பிள்ளைகளும் கற்கத்தான் வேண்டும். மதுரைப் பிள்ளைக்கும் கோவைப் பிள்ளைக்கும் உள்ள வேலைதான் அது. ‘வூடு’ என்று சொல்லும் பிள்ளையை ஆசிரியர்கள் அதட்ட வேண்டாம். கரும்பலகையில் வீடு, வூடு இரண்டையும் எழுதி, பக்கத்தில் மீனையும் எழுதிக் காரணம் கேளுங்கள். அன்றைய இலக்கணப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.