உங்களுக்குத் தெரியுமா? ஆண்டனாவில் சிக்கிய அக்கரைச் சேனல்கள்!

கோலாலம்பூருக்குப் படம் அனுப்பும் உலு காலி மலை உச்சி, கெந்திங் பக்கம், 1,758 மீட்டர் உயரம். அங்கிருந்து சிக்னல் தடையில்லாமல் எட்டக்கூடிய தூரம் சுமார் 170 கிலோமீட்டர்! பிரிக்பீல்ட்ஸ் வெறும் 35. கிள்ளான் 57. அடுத்த வீடு மாதிரிதான்!

போர்ட் கிள்ளானுக்கு நேர் தெற்கே, கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் டுமாய். தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான்! கடல்மேல் குளிர்காற்றும் அதற்கு மேல் வெப்பக்காற்றும் அடுக்காக நின்றால் போதும். சிக்னல் நடுவில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்!

ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் 'வசந்தம்' சேனல் பார்க்க பாஸ்போர்ட் வேண்டாம். சாதாரண ஆண்டனா போதும்! இரு நாடுகளும் 2019-இல் அனலாக் ஒளிபரப்பை மூடின. ஆனால் இரண்டுமே தேர்ந்தெடுத்தது ஒரே டிவிபி-டி2 டிஜிட்டல் முறை. ஒரே பெட்டியில் இரண்டு நாடு!

தமிழ்நாட்டுச் சாதனை இன்னும் பெரிசு. இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982 பிப்ரவரி 15-இல் பிறந்தது. சென்னை தூர்தர்ஷன் அதற்கு ஆறரை வயது மூத்தது, 1975! ஆனால் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல். சென்னைப் படம் எட்டவில்லை. விடுவார்களா? இரும்புக் குழாயில் ஆண்டனாவை உயர்த்தி, இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். மாடியில் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் "இப்பத் தெரியுது... போச்சு... அப்படியே வை!" என்று கத்த, சிங்களச் செய்தி தமிழ்நாட்டு வரவேற்பறையில்! ரூபவாஹினிக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். தூத்துக்குடியிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர்!

இதெல்லாம் சும்மா! 1938 நவம்பரில் லண்டன் பிபிசி படம் நியூயார்க் அருகே தெரிந்தது. செயற்கைக்கோள் கிடையாது, கேபிள் கிடையாது. வானடுக்கில் பட்டுத் திரும்பி வந்தது! அதைத் திரையிலிருந்தே பிலிமில் பிடித்தார்கள். போருக்கு முந்தைய பிபிசி நேரலையில் இன்று மிஞ்சியிருப்பது அந்தத் துண்டு மட்டும்தான்!

1957-இல் அதே லண்டன், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எட்டிப் பார்த்தது. ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர்!

கடைசியாக ஒன்று. 1996 வரை மலேசியாவில் வீட்டுக் கூரையில் சொந்தமாக டிஷ் வைக்கவே தடை! அந்த ஆண்டு ஜனவரி 13-இல் மீசாட்-1 செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. பிறகுதான் 60 சென்டிமீட்டர் தட்டு வந்தது, தமிழுக்கு 'வானவில்' சேனல் வந்தது. செயற்கைக்கோளிலிருந்து கூரைக்கு எவ்வளவு தூரம்? கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர்!