சிறிய கையும் துப்பாக்கிப் பிடியும்

குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்கின்ற பிள்ளை; சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்" என்று தையற்காரரிடம் கூறுவது நம் இல்லங்களில் வழக்கம். அளவான வருவாய் உடைய குடும்பங்களுக்கு அது நல்ல சிக்கனமே. ஆயின், குறிபார்த்துச் சுடும் விளையாட்டிற் புகும் சிறுவர் சிறுமியர்க்குக் காற்றுக் கைத்துப்பாக்கி வாங்கும்போதும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டால், பணமும் வீணாகும். பிள்ளையின் ஊக்கமும் குன்றும்.

இவ்விளையாட்டு நம்மவர்க்கு அயலானதன்று. 1999-இல் கடலூரிற் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் காற்று ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். கைத்துப்பாக்கிப் பிரிவில் மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். பெண்மக்களும் இத்துறையில் தலைசிறக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

காற்றுக் கைத்துப்பாக்கியை ஒரு கையாலேயே நீட்டிப் பிடித்து, 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடவேண்டும். கருவியின் எடை 1,500 கிராமுக்கு மேற்படலாகாது. விசையை இழுக்கும் பளு 500 கிராமுக்குக் குறையலாகாது. இவ்விதிகள் ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒன்றே. சிறிய கைக்கு விதி சலுகை காட்டுவதில்லை. ஆனால், பிடியைக் கைக்கேற்பத் திருத்திக்கொள்ள அது இடந்தருகிறது. மணிக்கட்டு தளையின்றி இருத்தல் வேண்டும் என்பது முக்கியமான வரம்பு.

பிடி பெரிதாயின் நேர்வது என்ன? விசையை எட்டும்பொருட்டுப் பிள்ளை தன் கையைப் பக்கவாட்டிற் சுழற்றிக்கொள்கிறது. மணிக்கட்டு வளைகிறது, விரல் விசையை நேர் பின்னோக்கி இழுக்காமல் ஒருபுறமாகத் தள்ளுகிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் நேர்மை ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இலக்கில் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் பிசகும். பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர்தான்! கருவியின் குற்றத்தைப் பிள்ளையின் குற்றமாகக் கருதி, "உனக்குக் கை நிதானமில்லை" என்று பழித்தல் தகுமா?

பொருத்தம் காண்பது எளிது. பயிற்சியாளர் முன்னிலையில், குண்டில்லாத துப்பாக்கியைப் பிள்ளை பிடிக்கட்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளம், குழலுக்கு நேர்பின்னே இயன்றவரை உயரத்தில் அமையவேண்டும். முன்கையும் குழலும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். சுட்டுவிரல் நுனிக்கணுவின் சதைப்பகுதி விசையில் நேராகப் படியவேண்டும்; அவ்விரல் பிடியின் பக்கத்தில் உரசலாகாது. கண்ணை மூடிக் கையை நீட்டிப் பின் திறந்தால், குறிகள் இரண்டும் தாமே நேர்பட்டிருக்கவேண்டும்.

பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளிற் கிடைக்கின்றன. இன்றைய கைக்கு ஏற்றதையே தேர்க. வலக்கை, இடக்கை வேறுபாட்டையும் நோக்குக. பல துப்பாக்கிகளில் விசையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். உள்ளங்கையைத் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். முதலில் இவற்றைச் சரிசெய்க. அதன் பின்னும் குறை இருப்பின், கையிற் சுண்ணப்பொடி தடவிப் பிடிக்கச் செய்தால், மரப்பிடியில் எங்கே அழுந்துகிறது என்பது புலப்படும். அழுந்துமிடத்தை உப்புத்தாளாற் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். இடைவெளி உள்ள இடத்தை மரப்பசையால் நிரப்பலாம். தேய்த்த மரம் மீளாது; ஆதலின் பொறுமை வேண்டும். பிள்ளை வளர வளரப் பொருத்தத்தை மீண்டும் சோதித்தல் நலம்.

வீட்டார் திருத்தக்கூடியது பிடி ஒன்றே. விசையின் உட்பொறியையும் காற்றுக்கலத்தையும் தொடலாகாது. அவை தேர்ந்தவர் பணி. பயிற்சியின்போது குழல் எப்போதும் இலக்கின் திசையையே நோக்கட்டும். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

கழகத்துத் துப்பாக்கிகளிற் சில மாதம் பழகி, கையின் அளவும் பிள்ளையின் ஆர்வமும் தெளிவான பின்பு, உரிம விதிகளையும் கேட்டறிந்து சொந்தமாக வாங்குவதே அறிவுடைமை. கருவி கைக்கு அடங்கினால், பிள்ளையின் கருத்து முழுவதும் இலக்கிற் பதியும்.