கோடைப் பகலில் தொடங்கிய நட்பு

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் வண்டியில் படிக்க நாவல் ஒன்று கேட்டால், சரத்சந்திரரின் 'தேவதாஸ்' என்போம். "ஊர் போய்ச் சேரும் வரை அழவா?" என்று நம் இல்லாள் கேட்டதுண்டு. 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் வந்தது முதல், தேவதாஸ் என்றாலே நம்மவர்க்கு மதுக்கிண்ணந்தான் நினைவு.

1917-இல் நூலாக வெளிவந்த அந்நாவலோ மதுவில் தொடங்கவில்லை. வைசாக மாதத்து நண்பகல் வெயிலில், அதாவது நம் சித்திரை வெயிலில், ஒரு கிராமப் பள்ளியில் தொடங்குகிறது. உடன் படித்தவனைச் சுண்ணாம்புக் குவியலில் தள்ளிவிட்டு ஓடிய தேவதாஸ் மூங்கிற் புதரில் ஒளிந்து ஹுக்கா புகைக்கிறான். சிறுமி பார்வதி முந்தானையில் பொரி முடிந்து கொணர்கிறாள். அவன் தந்த 3 ரூபாயை அவள் வைஷ்ணவப் பெண்கள் மூவருக்கு ஈந்துவிடுகிறாள். 2 ரூபாயே போதுமே என்று, தலைக்குப் 10 அணாச் சொச்சம் கணக்கிட்டுக் காட்டுகிறான் அவன்! ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அவ்விடத்தில் சிரிக்காதிருந்ததில்லை. சரத்சந்திரரும் ரங்கூனில் கணக்கு அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தவரே.

நட்பு காதலாகிவிட்டதைப் பார்வதி முதலில் உணர்கிறாள், அவன் உணரவில்லை. அடுத்த வீட்டுச் சம்பந்தம், அதுவும் பெண்ணுக்குப் பணம் வாங்கும் குலம் என்று அவன் பெற்றோர் மறுக்கின்றனர். கல்கத்தா சென்ற தேவதாஸ், தன் மனத்தில் அத்தகைய அன்பு இருந்ததில்லை என்று அவளுக்கு எழுதிவிடுகிறான். கடிதம் தபாற்பெட்டியில் விழுந்த கணம் முதல் அவனுக்கு நிம்மதி இல்லை.

நாவலின் உயிர் இக்கடிதமே என்பது நம் துணிபு. வெளியூரில் இருந்துகொண்டு எழுதும் இரண்டு வரி, ஊரில் ஒரு வாழ்வையே திருப்பிவிடும். நம்மோடு விளையாடி வளர்ந்த ஒருத்திக்கு வரன் பார்க்கிறார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வந்தபோது, "மிக்க மகிழ்ச்சி" என்று மட்டும் பதில் எழுதினோம். நம் இல்லாளும் இதனை அறிவாள். ஆயினும் அப்பக்கம் வந்தால் நாம் சற்று விரைந்தே புரட்டுகிறோம்.

உயிர் பிரியும் நிலையில் தேவதாஸ் இறங்குவது பாண்டுவா நிலையத்தில். ஹௌராவிலிருந்து பர்த்துவான் செல்லும் பாதையில், 1854-இலேயே ரயில் வந்துவிட்ட ஊர் அது. வேலையாள் தர்மதாஸ் உறங்க, விடியற்காலையில் தனியே இறங்கி, பார்வதி வாழ்க்கைப்பட்ட ஹாத்திபோத்தாவை நோக்கி மாட்டுவண்டியில் செல்கிறான். இப்பக்கம் மாற்றலாகி வந்தபின், இல்லாளுடன் அந்நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் நாம் நடைமேடையை எட்டிப் பார்ப்போம். அவள் ஒன்றும் கேட்பதில்லை. பொரி விற்பவனை அழைத்து இரண்டு பொட்டலம் வாங்குவாள்.