கையில் ஏந்திய சொற்கள்

2014 மார்ச்சில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள், தங்களிடம் சொல்லப்பட்ட சொற்களையே பலகையில் எழுதிக் கையில் பிடித்தபடி கேமரா முன் நின்றார்கள். ‘உனக்குப் படிக்கத் தெரியுமா?’ என்றது ஒரு பலகை. ‘நீ கறுப்பாகப் பிறந்தது அதிர்ஷ்டம், காலேஜில் சுலபமாக இடம் கிடைத்துவிடும்’ என்றது இன்னொன்று. சக மாணவர்களைப் பேட்டி கண்டு ஒரு மாணவி உருவாக்கிய நாடகத்தோடு சேர்ந்து வந்த இந்தப் படத்தொகுப்பின் பெயர், ‘நானும் ஹார்வர்டுதான்’. நம் ஊரில் ‘கோட்டாவில் வந்தவன்தானே’ என்ற பேச்சு காதில் விழுந்தவர்களுக்கு அந்த இரண்டாவது பலகையை விளக்கத் தேவையில்லை.

இதே சொற்களைப் புகாராக எழுதிக் கொடுத்திருந்தால், ‘விளையாட்டுக்குச் சொன்னது, பெரிதுபடுத்தாதே’ என்று முடித்திருப்பார்கள். தனித்தனியே பார்த்தால் எல்லாமே சின்ன விஷயம். பாரபட்சம் பிடிபடாமல் தப்புவதே அதனால்தான். படத்தில் சொன்னவரின் பெயர் இல்லை. சொல்லும் அதை வாங்கிக்கொண்டவரின் முகமும் மட்டுமே இருக்கின்றன. யாரும் கூண்டில் ஏற்றப்படாததால், பார்ப்பவர் தன் பக்க நியாயம் பேசக் கிளம்பாமல், தானும் இப்படிக் கேட்டதுண்டா என்று யோசிக்க முடிகிறது. முகத்துக்குப் பின் முகமாக வரும்போதோ, யாரோ ஒருவரின் வாய்த்துடுக்கு என்று ஒதுக்கவும் முடிவதில்லை. கருத்தரங்குகள் செய்யத் தவறும் வேலை இது என்றே நினைக்கிறேன்.

சொல்லுக்கெல்லாம் வருந்தினால் படிப்பது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குக் கடினமான மொழித்தேர்வு ஒன்றை வைத்தார்கள். அது அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். அப்படிச் சொல்லாதபோது அந்தப் பின்னடைவு குறைந்தது. இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னாளில் விவாதம் எழுந்தது உண்மை. ஆனாலும் தன் இனத்தைப் பற்றிய ஏளனத்தைச் சுமந்துகொண்டு தேர்வெழுதுவது மற்றவர்களுக்கு இல்லாத பாரம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்தது. அங்கே ‘நானும் ஆக்ஸ்ஃபோர்டுதான்’ வந்ததும், இப்படிப்பட்ட படங்கள் சிறுபான்மைப் பிள்ளைகளை விண்ணப்பிக்கவே விடாமல் பயமுறுத்தும் என்று மாணவர்களில் ஒரு சாரார் ‘நாம் எல்லோரும் ஆக்ஸ்ஃபோர்டு’ என எதிர்த்தொகுப்பு வெளியிட்டார்கள். அக்கறையோடு சொன்ன வாதம்தான். ஆனால் மூடி மறைத்தால், புதிதாக வரும் பிள்ளை அந்தச் சொல்லைத் தன்னந்தனியாகக் கேட்டு, குறை தன்னிடம்தானோ என்று குமையும். படத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, முன்பே பலர் இதைக் கேட்டார்கள், கேட்டும் இடத்தை விட்டுக்கொடுக்காமல் படித்தார்கள் என்பது தெரிந்திருக்கும்.